ஒன்பது ஈயக்கட்டி

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசை நடக்கும். முதல் பூசை கோயிலில் சாமியார் வைப்பது. இரண்டாவது, அது முடிந்த கையோடு என் நாத்தனார் விஜிலா வீட்டு மாடியில். அங்கே சாமியாரும் அவளே, உபதேசியாரும் அவளே. பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எடை மெஷின் இருக்கும். கண்ணாடி மெஷின், கால் வைத்தால் நீல வெளிச்சத்தில் நம்பர் வரும். வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, சங்கிலியைக் கழற்றி, சிலர் கம்மலைக்கூடக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏற வேண்டும். விஜிலா நம்பரை உரக்க வாசிப்பாள். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். கூடியிருந்தால் எல்லோரும் சேர்ந்து 'ச்சு' கொட்ட வேண்டும். பிறகு அவள் விற்கும் பவுடரைத் தண்ணீரில் கலக்கி ஆளுக்கு ஒரு டம்ளர். வாயில் ஊற்றினால் ஈரச் சிமெண்டு மாதிரி இருக்கும்.

இந்தக் கூத்துக்கு 'புது மேனி கிளப்' என்று பெயர். வாட்ஸ்அப் குழுவும் உண்டு. நடத்துகிற மகராசி பிறந்ததிலிருந்தே ஒட்டடைக் கம்பு. வாழ்நாளில் ஒரு கிலோ கூடியதும் கிடையாது, ஒரு கிலோ குறைத்ததும் கிடையாது. அவள்தான் ஊருக்கே எடை குறைக்கச் சொல்லிக் கொடுக்கிறாள்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜெபசுதா டீச்சர் இரண்டு வாரத்தில் ஏழு கிலோ குறைந்தார். அன்றைக்கு மாடியே அதிர்ந்தது. விஜிலா பொன்னாடை போர்த்தினாள், போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள், கீழே பவுடர் டப்பா படம் வேறு. டீச்சர் அந்த இரண்டு வாரமும் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தவர். பொன்னாடையின் பாரம் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு எடை மெஷினைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினோரு வருசமாக முத்தையாபுரத்தில் ஒரு எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உப்பு லாரி காலியாக வரும், எடை போடுவேன். லோடு ஏற்றி வரும், திரும்பப் போடுவேன். காலி லாரிக்குள் நாலு பேரை ஒளித்து உட்கார வைத்து எடையைக் கூட்டிக் காட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன். லோடு வரும்போது அந்த நாலு பேரும் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பார்கள், அவர்கள் எடைக்கு உப்பு ஓசி. மழையில் நனைந்த உப்பு எத்தனை கிலோ கூடுதலாக நிற்கும் என்பது தெரியும். மேடையில் நிற்கும் லாரியில் இருப்பது உப்பா, மண்ணா, நாலு தடியன்களா என்று மெஷின் சொல்லாது. மொத்தமாக இத்தனை என்று மட்டும் சொல்லும். இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கண்ணாடி மெஷினிடம் போய் ஏமாந்தேன். அந்தக் கேவலத்தைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

என் வீட்டுக்காரர் ரோச், விஜிலாவின் தம்பி. இருபத்தோரு வருசமாகச் சங்கு குளிக்கிறார். விஜிலாவின் புருசன் பவுல் அண்ணனுடைய வள்ளத்தில்தான் போவார். ஏழு பாகம், கிட்டத்தட்ட நாற்பது அடி ஆழத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, மண்ணைத் தடவிச் சங்கு எடுக்கிற வேலை. ஒரு காலத்தில் வள்ளத்திலேயே அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பவர் இவர்தான். அந்தப் பெருமையில் தின்னத் தொடங்கினார். சாயங்காலம் கரைக்கு வந்தால் பொரித்த பரோட்டா ஆறு, மேலே ஒரு சால்னா குளம். வீட்டுக்கு வந்து சோறு. போன தவசு காலத்துக்கு முன்னால் தொண்ணூற்றேழு கிலோவில் வந்து நின்றார். ஒரு நாள் மேலே வந்தவர் மூச்சு வாங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேச்சில்லாமல் தொங்கியிருக்கிறார். பவுல் அண்ணன் பயந்துவிட்டார்.

பவுல் அண்ணன் பயந்ததில் தப்பில்லை. ஆனால் முடிவெடுத்தது விஜிலா. சொந்தத் தம்பி இப்படி உருண்டுகொண்டு திரிந்தால் அவள் பவுடரை யார் வாங்குவார்கள்? திருநீற்றுப் புதன் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, நெற்றியில் சாம்பலோடு சட்டம் போட்டாள்.

"ஏலே ரோச்சு, ஆகஸ்டு மாசம் மாதா திருவிழாவுக்குள்ள எம்பத்தஞ்சு வரணும். வரலைன்னா நீ இனிமே குளிக்கப் போகாண்டாம். வள்ளத்துல ஒக்காந்து மத்தவங்களுக்குச் சோறு பொங்கு. அத்தானும் சரின்னுட்டாவ."

பவுல் அண்ணன் வாசலில் நின்று தலையை ஆட்டினார். அவர் வீட்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான்.

ரோச் நெற்றியிலும் சாம்பல். அது வேர்வையில் மூக்குக்கு வழிந்தது. இருபத்தோரு வருசம் கடலுக்கு அடியில் போனவரைப் பார்த்து, இனி சட்டி கழுவு என்றால் எப்படி இருக்கும்? எனக்கு விஜிலா மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் அதிகம். "தின்னும்போது தெரிஞ்சுதா? இப்பம் முழிச்சு என்ன பிரயோசனம்?" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். அதிலிருந்து ஐந்து மாதம் என் வாய் மூடவே இல்லை.

ஈயக்கட்டி விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் கொழுப்பு இருந்தால் தண்ணீரில் மிதக்கும், கீழே போக விடாது. அதனால் இடுப்பு பெல்ட்டில் ஈயக்கட்டி கோர்த்துக்கொண்டுதான் குதிப்பார்கள். ஒரு கட்டி அரைக் கிலோ. யாருக்கு எத்தனை கட்டி என்பதை அவரவரே தண்ணீரில் இறங்கிப் பார்த்து முடிவு செய்வது வழக்கம். குறைந்தால் மிதப்பான், கூடினால் ஏறி வர முடியாது. விஜிலா வீட்டுக்கு மெஷின் வந்த பிறகு பவுல் அண்ணன் அதற்கும் கணக்கு கண்டுபிடித்தார். பத்துக் கிலோ உடம்புக்கு ஒரு கட்டி. எழுபது கிலோ ஆளுக்கு ஏழு, தொண்ணூறு கிலோ ஆளுக்கு ஒன்பது. விஜிலா அதை ஒரு சீட்டில் எழுதி, லேமினேட் பண்ணி, வள்ளத்தில் ஒட்டச் சொல்லிவிட்டாள். கடலில் இடுப்பளவுத் தண்ணீருக்குமேல் போயறியாதவள் கடலுக்கு அடியில் எத்தனை ஈயம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறாள். அதையும் ஒட்டி வைத்துக்கொண்டு நாலு ஆம்பிளைகள் கடலுக்குப் போகிறார்கள்!

ரோச் பரோட்டாக் கடை இருக்கும் தெருவையே விட்டார். காலையில் கடலில் ஒரு மணி நேரம் நீந்தினார். கேழ்வரகுக் கூழ், மீன், கீரை என்று நான் வைத்ததைத் தின்றார். தவசு காலம் முடிந்து ஈஸ்டருக்கு மாடியில் ஏறினார். தொண்ணூற்றாறு.

"ஒரு கிலோ," என்றாள் விஜிலா. "நாப்பது நாள் தவசு இருந்து ஒரு கிலோ. ஏலே, ஒழுங்காப் பவுடரைக் குடிலே."

மாடி முழுக்க அரை மனதாய்க் கைதட்டியது. அடுத்த வாரம் இருநூறு கிராம் கூடியது, மாடி 'ச்சு' கொட்டியது.

ஆனி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியதும் தண்ணீர் கலங்கி வள்ளம் போகவில்லை. சும்மா இருந்தால் ஊதிவிடும் என்று நான்தான் அவரை எங்கள் எடைமேடைக்கு எதிரே உள்ள உப்புக் கிட்டங்கிக்கு லோடு ஏற்ற அனுப்பினேன். ஐம்பது கிலோ மூட்டை. முதுகில் சுமந்து பலகை ஏறி லாரியில் போட வேண்டும். முதல் வாரம் பத்து மூட்டைக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். அடுத்த மாதம் லாரி நிறைகிற வரை உட்காரவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

இன்னும் எத்தனையோ நடந்தது. பல வருசமாக வீட்டை ஆட்டிவந்த குறட்டை நின்றது. விஜிலா மதினி வீட்டு மாடிக்குப் போகும்போது வழக்கமாகப் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்பவர், இப்போது எனக்கு முன்னால் ஏறிப் போய் நின்றார். கல்யாண மோதிரம் கழன்று மீன் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏளா, ஒடம்பு லேசா இருக்கு. இருவது வருசத்துக்கு முந்தி இருந்த மாரி இருக்கு."

"இருக்கும் இருக்கும். மெஷின்ல ஏறினா தெரியும் லேசு. கொறட்டை நின்னா கிலோ கொறையுமா? மோதிரம் கழண்டா மதினி கைதட்டுவாவளா? நம்பர் எங்க? நம்பரைக் காட்டுங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இதுவும் போதாதென்று, கேட்கிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்ல ஒண்ணு கெடக்கு, மூட்டை சொமந்தும் அசைய மாட்டேங்கு" என்று நக்கலடித்தேன். அவர் காதுபடவே அடித்தேன்.

மாதா திருவிழா வந்தது, போனது. அடுத்த ஞாயிறு கடைசி எடை. ரோச் மெஷினில் ஏறினார். பவுல் அண்ணனும் மேலே வந்திருந்தார். நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றது.

"தொண்ணூத்திநாலு புள்ளி ரெண்டு," என்று விஜிலா வாசித்தாள். "அஞ்சு மாசம். மூணு கிலோ. ஜெபசுதா டீச்சர் ரெண்டே வாரத்துல ஏழு கொறைச்சாவ. ஏலே, நீ எனக்குத் தம்பின்னு வெளிய சொல்லாத."

எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். நானும் கொட்டினேன். எனக்குப் பக்கத்தில்தான் நின்றார், கேட்டிருக்கும்.

பவுல் அண்ணன் தொண்டையைச் செருமினார். "காத்து அடங்கிட்டு, வள்ளம் எறக்கப் போறோம். நம்ம வள்ளத்து ஃபிராங்க்ளின் கப்பல் வேலைக்குப் போயிட்டான், ஒரு ஆளு கொறையுது. செவ்வாக்கெழமை மட்டும் வாடே. அதுக்குப் பொறவு சமையலு."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. ரோச் முற்றத்தில் நின்று பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார். தொளதொளவென்று இடுப்பிலிருந்து இறங்கியது. பழைய ஓட்டைகளெல்லாம் போதவில்லை. நான் அடுப்பில் ஆணியைச் சுட்டு, நைலான் பெல்ட்டில் உள்ளே தள்ளிப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். நானே, என் கையால். புகையை ஊதிவிட்டுப் பெல்ட்டை நீட்டினேன். ஓட்டை இரண்டு உள்ளே போயிருக்கிறதே, அந்த வயிறு எங்கே போச்சு என்று ஒரு நிமிசம் யோசித்தேனா? இல்லை.

"ஏளா, ஒம்பது வேண்டாம்னு தோணுது," என்றார். "நேத்துக் கரையில நீந்திப் பாத்தேன். மூச்சை விட்டா ஒடம்பு தானா எறங்குது. ரெண்டு மூணு கட்டிய எடுத்துரலாமா?"

"தோணும். ஒங்களுக்கு என்னதான் தோணாது? மெஷின் தொண்ணூத்திநாலுன்னு சொல்லுது. சீட்டுல ஒம்பதுன்னு போட்டிருக்கு. கொறைச்சுக் கட்டிட்டுப் போயி மேல மெதந்து நின்னா, இன்னைக்கே கரண்டியக் கையில குடுத்துருவாவ. பேசாம கட்டுங்க."

அவர் பேசாமல் கட்டினார். ஓட்டை உள்ளே போனதால் பெல்ட்டின் வால் ஒரு முழம் நீண்டு தொங்கியது. தண்ணீரில் அடிக்குமே என்று அதை இடுப்பைச் சுற்றி இழுத்து, கொக்கிக்கு மேலேயே நான் முடிச்சுப் போட்டேன். உப்பு லாரியில் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. டிரைவர்கள் போடுவதைப் பதினோரு வருசமாகப் பார்த்துப் படித்தது. மதுரை போய்ச் சேர்ந்தாலும் அவிழாது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் பவுல் அண்ணன் பைக் நின்றது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். கையில் கடுங்காப்பி டம்ளர். ரோச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. தரையில் பெல்ட் கிடந்தது, கத்தியால் அறுபட்டு. என் முடிச்சு மட்டும் அப்படியே இறுகிக் கிடந்தது.

பவுல் அண்ணன் சொன்னார். கோபத்தில் சொன்னாரா, அழுகையில் சொன்னாரா என்று தெரியவில்லை.

"குதிச்சவன் கல்லு மாரி போயிட்டாம்மா. வழக்கமா காலை அடிச்சு அடிச்சுத்தான் எறங்குவான். இன்னைக்கி நேரா அடியில போய் நிக்கான். மாசானம் மேல நின்னு இவன் இடுப்புக் கயித்தப் பிடிச்சிருக்கான். நாங்க நெனைக்கோம், பரவால்லியே, நல்லாப் போறானேன்னு. சங்கெடுத்துட்டு ஏறணும்லா? ஏற முடியல. காலை அடிக்கான், ரெண்டு பாகம் வாரான், திரும்பக் கீழ போறான். பெல்ட்ட அவுத்து விட்டுட்டு வந்துரலாம்னு பாத்திருக்கான். அவுரல. கொக்கிக்கு மேல முடிச்சு! அதுக்குள்ள மூச்சு போச்சு. மாசானம் கயித்துல உலுக்கல் வரலியேன்னு சந்தேகப்பட்டு இழுத்தான், நானும் சேர்ந்து இழுத்தேன். மேல வரும்போது கண்ணு சொருகிப் போச்சு. கத்தியால அறுத்துத்தான் பெல்ட்ட எடுத்தோம்."

 நான் ரோச் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதோட விட்டானா? அரை மணி நேரம் தண்ணியக் கக்கிட்டுக் கெடந்தவன், எந்திரிச்சு ஃபிராங்க்ளின் விட்டுட்டுப் போன பெல்ட்ட எடுக்கான். ஏழு கட்டி போதும்ங்கான். ஏலே, சீட்டுல ஒம்பது போட்டிருக்குலேங்கேன். 'சீட்டக் கட்டிக்கிட்டு நீரு குதியும் அத்தான்'ங்கான்! குதிச்சான், ஏறி வந்தான், இன்னும் ஒண்ணக் கழத்துன்னான். ஆறு. ஆறோட போனவன் எம்புட்டு நேரம் இருந்தான் தெரியுமா? நான் மாதாவக் கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். சாவகாசமா வாரான், பையில நாலு சங்கு. அதுக்குப் பொறவு நாங்க கரைக்குத் திரும்புறது வரைக்கும் எந்தப் பயலும் அவனத் தொட முடியல. பழைய ரோச்சும்மா இது! கொழுப்பெல்லாம் கரைஞ்சு, அந்த எடத்துல மூட்டை தூக்கின சதை ஏறியிருக்கு. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? அது தொண்ணூத்திநாலுன்னு சொல்லிட்டுது. நாங்க எரும மாடு மாரி ஒம்பதைக் கட்டி எறக்கிட்டோம்."

டம்ளரைக் கீழே வைத்தார். குனிந்து பெல்ட்டை எடுத்து, முடிச்சை ரோச்சின் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"சமையலு கிமையலு ஒண்ணும் இல்ல, நீ வழக்கம்போல வா. ஆனா இது என்னலே முடிச்சு? இது கடல் முடிச்சே இல்லையே. கொக்கிக்கு மேல எந்தக் கூறுகெட்ட கழுதையாவது முடிச்சுப் போடுமா? எவம்லே போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோச் சொன்னார்: "நாந்தான் அத்தான் போட்டேன்."

"இருவத்தோரு வருசம் குளிக்க. ஒனக்கு மூள எங்கலே போச்சு?"

"தப்புதான் அத்தான்."

பவுல் அண்ணன் இன்னும் ஐந்து நிமிசம் வைதார். ரோச் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். ஐந்து மாதமாக ஊருக்கெல்லாம் கேட்ட என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வெட்கமாக இருந்தது. என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பைக் சத்தம் தெரு திரும்பிய பிறகுதான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எம் பொண்டாட்டி என்னைய உப்பு லாரின்னு நெனச்சிட்டான்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் எழுந்து போய் அவரே எனக்குத் தண்ணீர் மோந்து வந்து கொடுத்தார்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் விஜிலா விடுவாளா? புதன்கிழமையே குழுவில் போட்டுவிட்டாள்: 'உடல் பருமனால் கடலில் உயிருக்குப் போராட்டம். என் சொந்தக் குடும்பத்திலேயே நடந்த உண்மைச் சம்பவம். இனியும் தாமதிக்கலாமா?' கீழே பவுடர் டப்பா. பவுல் அண்ணன் நடந்ததைச் சொன்னாரா என்று கேட்டால், சொன்னாராம். "நீங்க சும்மா இருங்க" என்றாளாம். அவர் சும்மா இருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக மாடிக்குப் போனோம். ரோச் வரமாட்டேன் என்றார். நான் இழுத்துக்கொண்டு போனேன். கையில் ஒரு கட்டைப்பை.

"ஏறுலே," என்றாள் விஜிலா. ரோச் ஏறினார். "தொண்ணூத்திநாலு புள்ளி மூணு. பாத்தியளா? செத்துப் பொழச்சும் நூறு கிராம் கூடியிருக்கான்."

'ச்சு' என்றது மாடி. நானில்லை.

ரோச் இறங்கியதும் பையிலிருந்து மூன்று ஈயக்கட்டிகளை எடுத்து அந்தக் கண்ணாடி மேல் வைத்தேன். கண்ணாடி கீறியிருந்தால் கீறட்டும். மெஷின் ஒன்று புள்ளி ஐந்து என்றது.

"என்னளா இது?"

"ஒங்க தம்பி எறக்கி வெச்சது மதினி. ஒங்க மெஷினுக்குத் தெரியாம எறக்கிட்டாவ. முன்ன ஒம்பது கட்டினாத்தான் இவிய தண்ணில முங்குவாவ. இப்பம் ஆறு போதும். அம்புட்டுக் கொழுப்பு கரைஞ்சிருக்கு. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு. கொறட்டை இல்ல. ஒங்க படியில மூச்சு வாங்கல. இதெல்லாம் எந்த வெளிச்சத்துலயாவது வந்துதா? டைபாய்டு வந்தவங்களுக்குப் பொன்னாடை போத்துறிய, மூட்டை தூக்கி ஒடம்பைத் தேத்தினவுகளுக்கு 'ச்சு' கொட்டுறிய. உப்பு எது, மண்ணு எதுன்னு தெரியாத மெஷின வெச்சுக்கிட்டு வள்ளத்துக்குச் சீட்டு எழுதி ஒட்டுறிய. அந்தச் சீட்டுத்தான் மதினி ஒங்க தம்பியக் கொல்லப் பாத்துது, ஒடம்பு இல்ல."

விஜிலா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவளா அசருவாள்? "என்னமும் சொல்லு. முடிச்சு போட்டது அவந்தானே? அறிவுகெட்டவன். அத்தான்கிட்ட அவனே ஒத்துக்கிட்டான்லா?"

பவுல் அண்ணன் ஓரத்தில் நின்று தலையை ஆட்டினார். ரோச் என் கையைப் பிடித்து இழுத்தார். "போதும்ளா, வா, போவோம்."

போயிருக்கலாம். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது, நன்றாகக் கிழித்தாகிவிட்டது. ஆனால் அப்படியே போனால் ஊர் முழுக்க ரோச்சைத்தான் கூறுகெட்டவன் என்று சொல்லும். கடலில் குளிக்கிறவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. தொப்பையைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

பையிலிருந்து அறுந்த பெல்ட்டை எடுத்தேன்.

"முடிச்சு போட்டது நான்," என்றேன். "இவிய ஒம்பது வேண்டாம், ஒடம்பு தானா எறங்குதுன்னு சொன்னாவ. நாந்தான் மெஷின் சொல்லுது, பேசாம கட்டுங்கன்னு வஞ்சேன். இது தார்ப்பாய் முடிச்சு. சந்தேகம்னா எங்க எடைமேடைக்கு வாங்க, போட்டுக் காட்டுதேன். பதினோரு வருசம் எடை போடுதேன். எனக்குத்தான் மூளை இல்ல. இவியளுக்கு இருந்துது."

 ஜெபசுதா டீச்சர் பழக்க தோசத்தில் 'ச்சு' என்றார். உடனே எல்லோரும் சேர்ந்து கொட்டினார்கள்.

"கொட்டுங்க," என்றேன். "நல்லாக் கொட்டுங்க. இன்னைக்குத்தான் சரியான ஆளுக்குக் கொட்டியிருக்கிய."

பவுல் அண்ணன் கிட்டே வந்து பெல்ட்டை வாங்கி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரோச்சைப் பார்த்தார். "ஏலே," என்று பெல்ட்டை அவர் கையில் கொடுத்தார். ரோச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தது. அன்றைக்கு மாடியில் பவுடரைக் கலக்க யாருக்கும் நினைப்பு வரவில்லை.

திங்கட்கிழமை வள்ளத்தில் அந்தச் சீட்டு இல்லை என்று மாசானம் வந்து சொன்னான். விஜிலாவின் கிளப் நடக்கத்தான் செய்கிறது. நடக்கட்டும், பவுடர் விற்க வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை காலையில் ரோச் புதுப் பெல்ட்டோடு முற்றத்தில் நின்றார். நான் ஈயக்கட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"எத்தனை?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷின் கெடக்கு. தண்ணில எறங்குறது நீங்க. நீங்க சொல்லுங்க."

"ஆறு."

ஆறு கோர்த்தேன். கொக்கியை மாட்டினேன். வால் நீண்டு தொங்கியது. அதை நான் தொடவில்லை, அவரே மடித்துச் செருகிக்கொண்டார். ஒரு இழுப்பில் கழன்று வருகிறதா என்று என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். ஆறு கட்டியும் தரையில் விழுந்தன. திரும்ப மாட்டிவிட்டு, மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.